லைன்ல இருங்க, ட்ரை பண்றேன்

"நிஜமா ட்ரை பண்றாளா இல்லையா, நீ கேட்டுச் சொல்லுடி" என்று சித்தி ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வார்த்தை இல்லாத பாட்டு. சாவி கொடுத்த பொம்மை பாடுவது போல ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தது. மறுமுனையில் இருந்த பெண் எங்களுக்காக முயற்சி செய்கிறாளா, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்று அந்த மெட்டை வைத்து எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

'ட்ரை' என்றால் 'முயற்சி செய்' என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பள்ளியை விட்டு வெளியே வந்தபோதுதான் அந்தச் சொல்லை யாரும் அந்த அர்த்தத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டால் "ட்ரை பண்றேன்" என்பார்கள். வர மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேலை கேட்டுப் போனால் "உனக்காக ட்ரை பண்றேன்மா" என்பார்கள். படி இறங்குவதற்குள் மறந்திருப்பார்கள். 'முடியாது' என்று சொன்னால் முகம் கோணும். 'சரி' என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் நழுவிப் போக எல்லோருக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது. இங்கிலீஷில் ஒன்று கிடைத்தது.

அந்தச் சொல்லைச் சொல்வதையே வேலையாக வைத்திருந்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் மாடிப்படிக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்போன், சிவப்பு விளக்குகள் மினுக்கும் ஒரு போர்டு. வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் அங்கேதான் வந்து விழும். சித்தி அதை வார்டுக்கும் டாக்டர் அறைக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும். படிப்பு பெரிதாக இல்லை, குரலை வைத்தே வேலை வாங்கினவள். நேரில் பார்த்தால் மெலிந்த, கொஞ்சம் சிடுசிடுத்த முகம். போனில் கேட்டால் பழச்சாறு மாதிரி இருக்கும். "குரலைப் பார்த்துக் கட்டிக்கிட்டேன், முகத்தைப் பார்த்து மாட்டிக்கிட்டேன்" என்று சித்தப்பா எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்வார். சித்தி கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள்.

அது பாதி உண்மைதான். சித்தப்பா லாரி டிரைவர். கூட ஓட்டிய ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது விசாரிக்கப் போன் செய்திருக்கிறார். சித்தி ட்ரை பண்ணுகிறேன் என்று பாட்டைப் போட்டுவிட்டு மறந்தே போனாள். வெகுநேரம் கழித்து அந்த விளக்கு இன்னும் மினுக்குகிறதே என்று எடுத்தால், மனுஷன் லைனில் இருக்கிறார். "பரவாயில்லைங்க, பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாராம். கல்யாணத்துக்குப் பிறகு, வரும்போது உப்பு வாங்கி வாருங்கள் என்று சித்தி சொன்னால்கூட மூக்கால் பேசுவார்: "ட்ரை பண்றேன், லைன்ல இருங்க." பிறகு அந்த மெட்டை முழுசாக முணுமுணுத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் ஜனங்களிடம் இதே சொல்தான். விசேஷத்துக்குப் போனால் யாராவது சித்தியை ஓரமாக இழுத்து, "ட்ரை பண்றீங்கதானே?" என்பார்கள். "பாதி நாள் நான் ரோட்டுல இருக்கேன், இவ போர்டுல இருக்கா. போன்லதான் ட்ரை பண்ணணும்" என்று சித்தப்பா முந்திக்கொண்டு சிரிக்க வைப்பார். சித்தி சிரிக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.

இனி சொல்லப்போவது அந்த அறையின் பழக்கம். வெளியாட்களுக்குத் தெரியாது. எனக்கு சித்தியே சொன்னாள்.

காலையில் டாக்டர்கள் வரும்போதே சொல்லிவிடுவார்கள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் போனைக் கொடுக்காதே என்று. ஆனால் டாக்டர் பேச மாட்டேன் என்றார் என்று ஆபரேட்டர் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டவர் கத்துவார், மேலே புகார் போகும், புகார் ஆபரேட்டர் தலையில் வந்து விடியும். அதனால் என்ன செய்வார்களென்றால், "ட்ரை பண்றேன், லைன்ல இருங்க" என்று ஒரு பொத்தானை அழுத்துவார்கள். பாட்டு ஓடும். எந்த எண்ணையும் போட மாட்டார்கள். அந்த நேரத்தில் டீயை ஒரு வாய் குடிக்கலாம். பிறகு திரும்ப வந்து, மூச்சு வாங்குகிற மாதிரி, "ரொம்ப நேரமா ட்ரை பண்றேங்க, எடுக்கவே மாட்டேங்கறாங்க" என்பார்கள். மூச்சு வாங்குவதுதான் முக்கியம். அது இருந்தால் கூப்பிட்டவர் "பரவால்லம்மா, பாவம் நீங்க" என்று நன்றி சொல்லிவிட்டு வைப்பார்.

நிஜமாக எண்ணைப் போட்டால் பாட்டுக்கு முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு மணி அடிக்கும். டொக் இல்லையென்றால் ட்ரை இல்லை. இது ஆபரேட்டர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். வேறு எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த ஆபீசுக்குப் போன் செய்தாலும் சித்தி முதலில் அந்த டொக்குக்குத்தான் காதைத் தீட்டுவாள். கேட்கவில்லையென்றால் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாள். "நம்மகிட்டயேவா" என்பாள்.

எல்லோரிடமும் அவள் அப்படி நடந்துகொள்ளவில்லை. சில குரல்களுக்கு நிஜமாகவே வார்டு வார்டாகப் போட்டுத் தேடிக் கொடுத்திருக்கிறாள். யாருக்கு நிஜம், யாருக்குப் பாட்டு என்று ஒரே நிமிஷத்தில் முடிவு செய்வாள். யாராவது கதையை நீட்டினால், "அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க, எங்கிட்ட எதுக்கு" என்று வெட்டிவிடுவாள். அதுவும் அந்த அறையின் பழக்கம்தான்.

அன்றைக்கு நான் அங்கே போனது எனக்கு வேலை கேட்டு. பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கிறேன், வந்து உட்கார் என்றிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து நாற்காலிக்காரி சாப்பிடப் போயிருந்தாள். ஒரு விளக்கு மினுக்கியது. சித்தி தன் பழச்சாறுக் குரலில் வணக்கம் சொல்லி ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னாள். அடுத்த நொடி அந்தக் குரல் காணாமல் போனது.

பேசியவர் லாரி முதலாளி. சித்தப்பா வண்டியை ஓரம் கட்டி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் அடித்திருக்கிறது. ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கும் ஊர். அங்குள்ள ஆஸ்பத்திரியில் இப்போதுதான் சேர்த்திருக்கிறார்கள். அடி காலில்தான், பயப்பட வேண்டாம், ஆனால் ஆள் மயக்கத்தில் இருக்கிறார் என்றார். அந்த ஆஸ்பத்திரியின் எண்ணைக் கொடுத்துவிட்டு, தன் ஆள் ஒருவனை அங்கே அனுப்ப ட்ரை பண்ணுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சித்தி அழவில்லை. "ஊசி" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அவருக்கு பென்சிலின் ஒத்துக்காதுடி" என்றாள்.

ஒரு தடவை காலில் ஆணி குத்தி ஊசி போட்டுக்கொண்டபோது சித்தப்பாவின் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்று போகப் பார்த்தது. ஊசி போட்ட டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார். இனி எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த டாக்டர் எச்சரித்திருந்தார். இப்போது சொல்ல வேண்டியவர் மயக்கத்தில் கிடக்கிறார். கால் கிழிந்து வந்தவருக்கு முதலில் என்ன போடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா?

தன் கைப்பேசியில் கூப்பிடாமல் போர்டிலிருந்தே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி எண் என்றால் சீக்கிரம் எடுப்பார்கள் என்பது கணக்கு. எடுத்தார்கள். சின்னப் பெண் குரல். சித்தி வேகமாகச் சொன்னாள்: லாரி டிரைவர், காலில் அடி, இப்போதுதான் வந்தார், அவர் மனைவி பேசுகிறேன், அவருக்கு ஒரு மருந்து ஒத்துக்காது, எமர்ஜென்சிக்குக் கொடு. மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆபரேட்டரிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும், நர்ஸிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"ட்ரை பண்றேங்க, லைன்ல இருங்க" என்றது அந்தக் குரல். பாட்டு வந்தது. டொக் வரவில்லை.

சித்தியின் முகம் வெளிறிப்போனதை அப்போதுதான் பார்த்தேன். காத்திருந்தாள். மணிச் சத்தம் இல்லை. ஹெட்போனை என் காதில் வைத்தாள், திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "போடல. இவ போடவே இல்ல. எனக்குத் தெரியாதா" என்றாள். லைனை வெட்டினாள். மறுபடியும் அதே எண்ணைப் போட்டாள். இந்தத் தடவை மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. "என் நம்பரைப் பார்த்துட்டு வேணும்னே எடுக்க மாட்டேங்கறா" என்று பல்லைக் கடித்தாள்.

டாக்டர் ஒருவர் பேசினால் கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பில் கவுண்டரில் இருந்த ரிலீவர் பெண்ணைக் கூப்பிட்டாள். ஆபரேட்டர்கள் எழுந்து போகும்போது அந்த நாற்காலியில் உட்காருகிறவள், சித்தியே பழக்கிவிட்டவள். "கொஞ்சம் பார்த்துக்கோ, வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாடியில் ஒரு டாக்டர் வார்டுக்குள் நுழையப் போனார். சித்தி அவரை மறித்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. அவர் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். அங்கே தனக்கு யாரையும் தெரியாது, ஆனாலும் பார்க்கிறேன் என்றார். "ட்ரை பண்றேன்மா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க." கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது. அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசி சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது.

சித்தி அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். "போலாம் சித்தி, திரும்பப் போடலாம்" என்று நான்தான் இழுத்து வந்தேன்.

கீழே ரிலீவர் பெண்ணின் முன்னால் எல்லா விளக்குகளும் மினுக்கிக்கொண்டிருந்தன. எங்களை நிமிர்ந்து பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை. சித்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை ஓர் ஆண் எடுத்தார். தான் வரவேற்பில் இருப்பதாகவும் மணி ஓயாமல் அடிப்பதால் எடுத்ததாகவும் எரிச்சலோடு சொன்னார். ஆபரேட்டர் எங்கே என்று சித்தி கத்தினாள். அவர் சொன்னது ஹெட்போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"அது எமர்ஜென்சிக்கு ஓடியிருக்குங்க. ரெண்டாவது தடவையா ஓடுது. யாருக்கோ என்னமோ மருந்து ஒத்துக்காதாம். அங்க போன் காலையிலேர்ந்து வேலை செய்யல."

சித்தி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு "பென்சிலின்" என்றாள். "பென்சிலின்னு போய்ச் சொல்லுங்க, உங்க கால்ல விழறேன்." தன்னால் இடத்தை விட்டுப் போக முடியாது, அந்தப் பெண் வந்ததும் சொல்கிறேன் என்றார் அவர். லைனை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கும்படி கெஞ்சினாள்.

இப்போது பாட்டு இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் சத்தம் கேட்டது. யாரோ டோக்கன் கேட்டார்கள், ஒரு குழந்தை அழுதது, சக்கர நாற்காலி ஒன்று கிரீச்சிட்டுப் போனது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு பென்சிலின், பென்சிலின் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் அந்தப் பெயர் தனக்கு மறந்துவிடும் என்று பயந்தாளாம், பிறகு சொன்னாள்.

ஓடிவரும் காலடி கேட்டது. "அக்கா, எந்த மருந்து?" என்றாள் அந்தப் பெண், எடுத்த எடுப்பில். சித்தி சொன்னாள். ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம், மறுபடியும் ஓடும் காலடி. நாங்கள் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. நிஜமாகவே வாங்கியது.

"போட்டுட்டாங்கக்கா" என்றாள்.

பெயர் தெரியாமல் எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது, காயம் மோசமாக இருக்கிறது என்று அங்குள்ள டாக்டர் போடச் சொல்லிவிட்டாராம். நர்ஸ் தன்னால் முடிந்தவரை தள்ளிப் போட்டிருக்கிறார்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவின் தொண்டையில் குழாய் இருந்தது. முகம் அவர் முகமாக இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனார். மருந்தா, அடியா, எதனால் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார்கள். சித்தி ஒவ்வொரு டாக்டரிடமும் அதையே கேட்டாள். கொஞ்சம் முன்னாலேயே பெயரைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவரை ஊருக்குக் கொண்டுபோகக் கிளம்பும் முன் சித்தி அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேட்டர் பெண்ணைத் தேடிப் போனாள். என்னை விட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். சித்தியைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஏன்க்கா கட் பண்ணீங்க?" என்றாள் அவள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"நீ ட்ரை பண்ணலன்னு நெனச்சேன்."

"ட்ரை பண்றேன்னு சொன்னேனேக்கா."

அந்தப் பெண் மீதியைச் சொன்னாள். எமர்ஜென்சிக்கு ஓடிச் சொன்னதும் நர்ஸ் என்ன மருந்து என்று கேட்டிருக்கிறார். கேட்டு வர ஓடி வந்தால் லைன் செத்துக் கிடந்தது. திரையில் இருந்த எண்ணுக்கு, அதாவது எங்கள் ஆஸ்பத்திரிக்கு, அவளே திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். "அங்க ஒரு பொண்ணு எடுத்துச்சு. உங்க இடத்துலேர்ந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் இங்க இருக்கார், கொடுங்கன்னேன். அந்த அம்மா பேரு கேட்டுச்சு, தெரியலன்னேன். ட்ரை பண்றேன்னு பாட்டு போட்டுச்சு. நானும் வெயிட் பண்ணேன். அப்புறம் வந்து, ரொம்ப ட்ரை பண்ணேங்க, கிடைக்கலன்னு சொல்லிடுச்சு. கொஞ்சம் பொறுங்கன்னு நர்ஸ்கிட்ட சொல்லத்தான் மறுபடியும் ஓடினேன். அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்கிச்சுக்கா. நம்மளுக்காக அலைஞ்சிருக்கு பாவம்னு நெனச்சேன்."



துக்கம் கேட்க ரிலீவர் பெண் வீட்டுக்கு வந்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். எது வேண்டுமானாலும் சொல்லுங்கள் அக்கா, நான் ட்ரை பண்ணுகிறேன் என்றாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு வெளியூரிலிருந்து ஏதாவது போன் வந்ததா என்று மட்டும் கேட்டாள். நிறைய வந்ததே, ஏன் என்றாள் அவள். ஒன்றுமில்லை என்றாள் சித்தி. அவள் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை, அவள்தானே என்று கத்தினேன்.

"அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்றாள் சித்தி.

வேலைக்குத் திரும்பிய பிறகு அவளால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. கூப்பிட்டவர்களிடம் "டாக்டர் பேச முடியாதுன்னு சொல்லிட்டாருங்க" என்று உள்ளதைச் சொன்னாள். திட்டினார்கள். கேட்டுக்கொண்டாள். முடிந்தால் தானே வார்டுக்கு ஓடிக் கேட்டு வந்தாள். அந்த நேரத்தில் போர்டில் விளக்குகள் மினுக்கிக்கொண்டு கிடந்தன. புகார் மேல் புகார் போனது. இப்போது அவளைப் போர்வை, தலையணை உறை அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போன் கிடையாது. வீட்டிலும் கைப்பேசி அடித்தால் எடுப்பதில்லை. நானோ அம்மாவோ எடுத்து யாரென்று சொன்னால்தான் வாங்குகிறாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், தூங்கச் சொன்னால் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்கிறாள்.

போர்டை விட்டுப் போகும் நாளில் ரிலீவர் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இனி அந்த நாற்காலி அவளுடையது, அதனால்தான் சொன்னேன் என்றாள் என்னிடம். கேட்டதும் அவள் அப்படியே உறைந்துபோனாளாம். அதற்குள் ஒரு விளக்கு மினுக்கியிருக்கிறது, ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. கூப்பிட்டவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "நின்னு கேக்க எனக்கு தைரியம் இல்லடி" என்றாள் சித்தி.

இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டுத்தான் எழுதினேன். படிக்கிற நீங்கள் இதை ஒருவருக்காவது சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ போன் எடுக்கிறவர் யாரையாவது தெரிந்திருந்தால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாது என்றே சொல்லிவிடச் சொல்லுங்கள். அதைக் கேட்டவர் வேறு கதவையாவது தட்டப் போவார்.